லீட்ஸ் காஸில் லீட்ஸில் இல்லை: பிள்ளைகளோடு கோட்டை பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

லீட்ஸ் காஸில் லீட்ஸ் நகரத்தில் இல்லை. அது இங்கிலாந்தில், லண்டனுக்குத் தென்கிழக்கே உள்ள கென்ட் மாவட்டத்தில், மெய்ட்ஸ்டோன் பக்கம் இருக்கிறது. அருகில் லீட்ஸ் என்று ஒரு சின்னக் கிராமம் உண்டு, பெயர் அதிலிருந்து வந்தது. எல்லோருக்கும் தெரிந்த லீட்ஸ் நகரமோ அங்கிருந்து 300 கிலோமீட்டருக்கும் அப்பால், யார்க்‌ஷரில். காரில் உட்கார்ந்து அவசரத்தில் பெயரைத் தட்டிவிட்டுக் கிளம்பினால் ஒரு சனிக்கிழமை போச்சு.

வழி தவறினால் திரும்பி வந்துவிடலாம். ‘காஸில்’ (கோட்டை) என்ற சொல்லை நம்பிப் போய் ஏமாறுவதுதான் இதைவிட அதிகம் நடக்கிறது. யார்க்‌ஷரில் உள்ள காஸில் ஹோவர்ட் கோட்டையே அல்ல. 1699-இல் கட்டத் தொடங்கிய ஒரு பிரபு குடும்பத்தின் மாளிகை அது. ஹைக்ளியர் காஸிலும் அப்படித்தான். லண்டன் பாராளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்த சார்லஸ் பேரி 19-ஆம் நூற்றாண்டில் உருமாற்றிய வீடு. கென்ட்டில் இருக்கும் சிசிங்ஹர்ஸ்ட் காஸிலில் ஒரு கோபுரமும் உலகப் புகழ் பெற்ற தோட்டமும்தான் இருக்கின்றன. வாளும் பீரங்கியும் பார்க்கலாம் என்று ஆசை காட்டி ஏழு வயதுப் பையனை ரோஜாச் செடிகளுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, “எவ்வளவு அழகா இருக்கு பார்” என்றால் அவன் என்ன செய்வான்?

ஆகவே எங்கே போவது என்று பேசுவதற்கு முன்னால், அன்றைக்குக் காலுக்கு வேலையா கண்ணுக்கு வேலையா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கோட்டையில் ஓடலாம், ஏறலாம், கத்தலாம். பெரிய மாளிகை அப்படி இல்லை. நம் ஊர் ஜமீன் பங்களாவைப் பத்து மடங்கு பெரிதாக்கி, உள்ளே தரைவிரிப்பும் பீங்கானும் எண்ணெய் ஓவியமுமாக நிரப்பிவைத்தது போல இருக்கும். மூன்று வயதுக் குழந்தையை அங்கே கூட்டிப்போனால் இரண்டு மணி நேரமும் “தொடாதே” என்று சொல்வதிலேயே கழியும். அந்த வயதுக்குக் கிழக்கு சஸெக்ஸில் உள்ள போடியம் காஸில் சரியான இடம். 1385-இல் எழுந்தது, சுற்றிலும் அகழி, இன்றும் தண்ணீர் நிற்கிறது. குழந்தை சுவரில் வரைந்து காட்டும் கோட்டை எப்படி இருக்குமோ அப்படியே இருக்கும். உள்ளே பெரும்பாலும் இடிந்த சுவர்கள்தான், அதனால் உடைக்க ஒன்றுமில்லை.

ஆனால் ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருந்தால் கணக்கு மாறும். கோபுரத்துக்குள் ஏறும் சுழல் படிக்கட்டு குறுகலானது, ஒரு பக்கம் கால் வைக்கவே இடமிருக்காது, பிடித்துக்கொள்ள ஒரு கயிறு இருந்தால் அதிர்ஷ்டம். மூட்டு வலிக்காரர் பாதி தூரம் ஏறிய பிறகு திரும்பவும் முடியாது, பின்னால் ஒரு பட்டாளமே நிற்கும். தாத்தா பாட்டிக்குத் தோட்டமும் தேநீர்க் கடையும் உள்ள மாளிகைதான் பொருத்தம்.

அப்புறம், ஒரே நாளில் இரண்டு இடம் போடாதீர்கள். வந்தது வந்தோம், பக்கத்திலேயே இன்னொன்று இருக்கிறதே என்று தோன்றும். டோவர் காஸிலை எடுத்துக்கொள்ளுங்கள். மன்னர் இரண்டாம் ஹென்றி 1180-களில் கட்டிய பெரிய கோபுரம் ஒரு பக்கம். ரோமானியர்கள் விட்டுப்போன கலங்கரை விளக்கம் இன்னொரு பக்கம். கீழே வெள்ளைப் பாறைக்குள் குடைந்த சுரங்கங்கள். இரண்டாம் உலகப் போரில், 1940-இல், பிரான்ஸின் டன்கிர்க் கடற்கரையில் சிக்கிய 3,38,000-க்கும் அதிகமான வீரர்களை மீட்ட வேலையை அங்கிருந்துதான் நடத்தினார்கள். இத்தனையும் ஒரே குன்றின் மேல், ஒரே டிக்கெட்டில். இதை முடித்துவிட்டு மத்தியானம் வேறு கோட்டைக்குப் போகிறேன் என்பவர் எதையும் பார்க்கப் போவதில்லை, கார் நிறுத்துமிடங்களைத்தான் பார்ப்பார். சுரங்கத்துக்குள் குழுக் குழுவாகத்தான் அனுப்புவார்கள், வரிசை நீளும். அதனால் போனவுடன் முதலில் அங்கே போய் நில்லுங்கள். கோபுரம் எங்கும் ஓடிவிடாது.

திறந்திருக்கும் நாளைப் பார்க்காமல் போன கதை எங்கள் வீட்டிலேயே உண்டு. ஒரு பிப்ரவரி மாதம் ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டி ஒரு மாளிகைக்குப் போனோம். தோட்டம் திறந்திருந்தது, வீடு சாத்தியிருந்தது. குளிர்காலத்தில் இந்த வீடுகள் பலவற்றை மூடி, சாமான்களைத் துணி போட்டு மூடித் துடைத்துப் பராமரிப்பார்கள் என்பது அன்றுதான் புத்தியில் ஏறியது. மற்ற மாதங்களிலும் தோட்டம் காலையிலேயே திறந்து, வீடு பதினொரு மணிக்கு மேல் திறப்பது சகஜம். விண்ட்ஸர் காஸில் வழக்கமாகச் செவ்வாயும் புதனும் மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை போனால் அங்குள்ள செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தைச் சுற்றிப் பார்க்க முடியாது, அன்று வழிபாட்டுக்கு மட்டும்தான். ஹைக்ளியரில் இன்றும் அந்தக் குடும்பம் வாழ்வதால் வருஷத்தில் குறிப்பிட்ட நாட்கள் மட்டுமே திறக்கிறார்கள். முன்பதிவு செய்துவிட்டுப் போவதே நல்லது. இவற்றில் ஒன்றும் ரகசியமில்லை, எல்லாம் அவரவர் இணையதளத்தில் முன்பக்கத்திலேயே இருக்கும். நாம்தான் பார்ப்பதில்லை.

உறுப்பினர் அட்டை விஷயத்திலும் ஒரு குழப்பம் உண்டு. பழைய இடங்களைப் பராமரிக்கும் இரண்டு அமைப்புகள் உண்டு, ஆண்டுச் சந்தா கட்டி உறுப்பினரானால் அவற்றின் இடங்களுக்குள் தனி டிக்கெட் இல்லாமல் போகலாம். நேஷனல் டிரஸ்ட் வேறு, இங்கிலீஷ் ஹெரிடேஜ் வேறு. 1895-இல் தொடங்கிய நேஷனல் டிரஸ்ட்டிடம் பெரும்பாலும் மாளிகை, தோட்டம், கடற்கரை. இங்கிலீஷ் ஹெரிடேஜிடம் 400-க்கும் அதிகமான இடங்கள், கோட்டைகளும் இடிபாடுகளும் ஏராளம். போடியம் முன்னதின் கையில், டோவர் பின்னதின் கையில். ஒன்றின் அட்டையை இன்னொன்றின் வாசலில் நீட்டினால் பெரும்பாலும் செல்லாது. விண்ட்ஸர், லண்டன் டவர், லீட்ஸ் காஸில், வார்விக் ஆகியவை இரண்டிலுமே சேராது. எது லாபம் என்று கேட்டால், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நான் இங்கிலீஷ் ஹெரிடேஜைச் சொல்வேன். பெரியவர் ஒருவரின் அட்டையில் குடும்பத்துப் பிள்ளைகள் ஆறு பேர் வரை இலவசமாகப் போகலாம்.

சரி, மாளிகைக்குள் நுழைந்துவிட்டோம். “ஏன் இப்படி இருட்டா இருக்கு?” என்று பிள்ளைகள் முனகுவார்கள், நாமும் மின்சாரக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கிறார்களோ என்று நினைப்போம். விஷயம் வேறு. பட்டுத் திரையும் பழைய துணியும் நீர்வண்ண ஓவியமும் வெளிச்சம் படப்பட வெளுக்கும். வெளுத்தது திரும்பாது. அதனால் திரைச்சீலையை இறக்கி, அறையின் வெளிச்சத்தை 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில், மங்கலாக வைத்திருப்பார்கள். வெயிலிலிருந்து உள்ளே வரும் கண்ணுக்கு அது பழகச் சில நிமிடம் பிடிக்கும். ஓடாமல் வாசலில் கொஞ்சம் நில்லுங்கள். முதுகுப் பையைக் கழற்றி முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள், திரும்பும்போது ஜாடியை இடிப்பது பெரும்பாலும் அந்தப் பைதான்.

அறைக்கு அறை ஒரு முதியவர் உட்கார்ந்திருப்பார். காவலாளி என்று நினைத்து நம்மவர்கள் ஒதுங்கிப் போவார்கள். அவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாமல் வந்து உட்காரும் தன்னார்வலர்கள், யாராவது கேள்வி கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பவர்கள். “இந்த அறையில் உங்களுக்கு எது பிடிக்கும்?” என்று குழந்தையை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். கண்ணில் படாத ரகசியக் கதவையோ மேசைக்கடியில் செதுக்கிய குரங்கையோ காட்டுவார்கள். பிள்ளைகளோடு போகும்போது வரவேற்பறையிலிருந்து தொடங்காமல் முதலில் சமையலறைக்குப் போவதும் நல்லது. மேற்கு சஸெக்ஸில் உள்ள பெட்வொர்த் மாளிகையில் ஆங்கில ஓவியர் டர்னரின் ஓவியங்களுக்குத்தான் கூட்டம். என் வோட்டு வேலைக்காரர் பகுதியில் வரிசை வரிசையாக மின்னும் செப்புப் பாத்திரங்களுக்கு. இதை யார் தேய்ப்பது என்று பிள்ளைகள் கேட்டார்கள் என்றால் அந்த வீடு அவர்களுக்குப் புரியத் தொடங்கிவிட்டது.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புளியோதரையும் ஒரு விரிப்பும் போதும், உட்காரப் புல்வெளி இருக்கும். வீட்டுக்குள் மட்டும் எதையும் பிரிக்காதீர்கள்.

கடைசியாக, அந்தச் சொத்து எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் திரும்புவதையும் தவறு என்றே சொல்வேன். நேஷனல் டிரஸ்ட்டே 2020-இல் வெளியிட்ட அறிக்கையில், தன் வசமுள்ள 93 இடங்களுக்குக் காலனி ஆட்சியோடும் அடிமை வாணிபத்தோடும் தொடர்பு உண்டு என்று எழுதியிருக்கிறது. வேல்ஸில் உள்ள போவிஸ் காஸில் நமக்கு நெருக்கமான உதாரணம். ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ் 1798 முதல் 1803 வரை மதராஸ் கவர்னர். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்தபின் அங்கிருந்து போன திப்பு சுல்தானின் பூ அச்சிட்ட துணிக் கூடாரம் இன்று போவிஸில் இருக்கிறது. கிளைவ் குடும்பம் அதைத் தோட்ட விருந்துகளுக்குப் பந்தலாகக் கட்டியது. படிப்படியாக இறங்கும் தோட்டத்தைப் பார்த்துக் களைத்து, உள்ளே கிளைவ் குடும்பத்தின் இந்தியப் பொருட்கள் உள்ள அருங்காட்சியகத்தைத் தவறவிட்டு வருகிறவர்கள் உண்டு. முதலில் உள்ளே போங்கள். கவர்னரின் மனைவி ஹென்றியெட்டா 1800-இல் தன் இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு மதராஸிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டினம் போய் வந்தவர். பிள்ளைகளோடு கோட்டை பார்க்கப் போனவர்களில் அவரும் ஒருவர்.