டர்பனில் கருவைக் கலைக்க நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் தெருவிளக்குக் கம்பங்களில் 'வலியில்லை, இன்றே முடியும்' என்று ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பார்த்து தயவுசெய்து போன் செய்யாதீர்கள். அவர்கள் தரும் மாத்திரை என்ன, எத்தனை மில்லிகிராம் என்று யாருக்கும் தெரியாது, ரத்தம் நிற்காவிட்டால் போனையும் எடுக்க மாட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் 1997 பிப்ரவரி 1 முதல் 12 வாரம் வரை காரணமே சொல்லாமல் கருவைக் கலைக்கலாம், இந்தச் சேவை உள்ள அரசு மருத்துவமனையில் இலவசம்.

பெரிய தவறு வாரக் கணக்கில்தான் நடக்கிறது. நாள் தள்ளிப்போன தேதியிலிருந்து பலர் எண்ணுகிறார்கள், ஆனால் மருத்துவர் எண்ணுவது கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து. அதாவது நாள் தள்ளிப்போகும்போதே ஏறக்குறைய 4 வாரம் ஆகியிருக்கும். மீதியிருக்கும் நேரத்தையும் பப்பாளி, எள்ளு வெல்லம், அன்னாசி என்று யாரோ சொன்னதைச் சாப்பிட்டுக் காத்திருந்தே தொலைக்கிறோம்.

12 வாரம் தாண்டினாலும் கதவு மூடிவிடாது. 20 வாரம் வரை உடல்நலம், மனநலம், சிசுவின் கடுமையான குறைபாடு, வன்புணர்வு, குடும்பத்தின் பண நிலைமை போன்ற காரணங்களுக்காக மருத்துவர் செய்யலாம்.

கணவரிடமோ மாமியாரிடமோ கையெழுத்து வேண்டும் என்று நினைத்து நாளைக் கடத்தாதீர்கள். சட்டம் கேட்பது அந்தப் பெண்ணின் சம்மதத்தை மட்டும். 18 வயது ஆகாதவளிடம் பெற்றோரிடம் பேசச் சொல்வார்கள், அவள் பேசவில்லை என்பதற்காக மறுக்கக் கூடாது. ஒரு நர்ஸ் முகம் சுளித்து அனுப்பினால் அதோடு வீடு திரும்பிவிடாமல் வேறு எங்கே செய்வார்கள் என்று அங்கேயே கேளுங்கள், சட்டப்படியான கருக்கலைப்பைத் தடுப்பதுதான் இங்கே குற்றம்.

சரி, மருத்துவமனையில் தரும் மாத்திரை விஷயம். முதலில் மிஃபெப்ரிஸ்டோன், ஒன்றிரண்டு நாள் கழித்து மிசோப்ரோஸ்டோல். முதல் மாத்திரையிலேயே கொஞ்சம் ரத்தம் பட்டதும் முடிந்துவிட்டது என்று இரண்டாவதை விட்டுவிடக் கூடாது. அன்றைக்கு அக்காவோ தோழியோ கூட இருக்கட்டும். தொடர்ந்து இரண்டு மணி நேரம், மணிக்கு இரண்டு பெரிய பேட் நனைந்தால், காய்ச்சல் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால், நாற்றமடிக்கும் வெள்ளை பட்டால், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அடிவயிற்றில் ஒரு பக்கம் குத்தி வலித்து மயக்கம் வந்தால் நிமிஷம்கூடத் தாமதிக்காதீர்கள். அது கருக்குழாயில் தங்கிய கர்ப்பமாக இருக்கலாம், அதை இந்த மாத்திரை கலைக்காது, குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. என்ன சாப்பிட்டீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

அப்புறம், மறுவாரமே சிறுநீர் டெஸ்ட் எடுத்துப் பயப்பட வேண்டாம், சில வாரங்களுக்கு அது பாசிட்டிவாகவே காட்டும். ஆனால் இரண்டு வாரத்துக்குள்ளேயே மறுபடி கரு தரிக்க வாய்ப்பு உண்டு, அதனால் கருத்தடைக்கு ஊசியா, கையில் வைக்கும் குச்சியா, காப்பர் டியா என்று அதே கிளினிக்கில் அன்றே கேட்டுவிடுங்கள்.