ஏரியா பசங்க ரத்ததான முகாம் வைக்கிறாங்களா? கூட நிக்கணும்னா இப்படி நில்லுங்க

ஏரியால பசங்க மன்றம்னு ஒண்ணு வச்சுக்கிட்டு வருஷத்துக்கு ஒரு தடவை ரத்ததான முகாம் நடத்துவாங்க, நாமளும் "என்ன ஹெல்ப்னாலும் கேளுங்கப்பா"னு சொல்லிட்டு நடையக் கட்டிடுவோம். அதனால அவங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல, யார்கிட்ட என்னத்த கேக்குறதுன்னு அவங்களுக்கே தெரியாது. அதுக்குப் பதிலா "சேர், ஷாமியானா என் பொறுப்பு, நீங்க அதை மறந்துடுங்க"னு சொல்லிப் பாருங்க. ஒரே வேலை, ஆனா முழுசா. பாதி பாதியா நாலு வேலை எடுக்குற ஆளால தான் முகாம் அன்னைக்கு காலைல தண்ணி கேன் வராம போகும் (அந்த ஆள் ஒரு வருஷம் நானே தான்).

முதல்ல தேதி. பசங்க பெரும்பாலும் தலைவர் பிறந்தநாள், இல்லன்னா ஜூன் 14 (உலக ரத்ததான நாள்), இல்லன்னா அக்டோபர் 1 (தேசிய தன்னார்வ ரத்ததான நாள்)னு வைப்பாங்க, ஊர்ல எல்லாரும் அதே நாள்ல தான் வைப்பாங்க. எடுத்த ரத்தம் சாதாரண பையில 35 நாள் தான் தாங்கும், அதுலேந்து பிரிக்கிற பிளேட்லெட் வெறும் 5 நாள். ஒரே நாள்ல மொத்தமா கொட்டிட்டு அப்புறம் ரெண்டு மாசம் காயப்போடறதுல என்ன லாபம்? மே மாசம் காலேஜ் லீவு விட்டதும் ரத்தம் குடுக்க ஆள் குறையும், அப்ப தான் உண்மையிலேயே தேவை. அதனால பேனர் அடிக்கிறதுக்கு முன்னாடி லைசென்ஸ் உள்ள ரத்த வங்கிக்கு ஒரு போன் போட்டு "உங்களுக்கு எப்ப வேணும், எத்தனை யூனிட் எடுக்க முடியும்"னு கேக்க வைங்க. பசங்க கூச்சப்படுவாங்க, ஆஸ்பத்திரில பேசிப் பழக்கமிருக்காது. கொஞ்சம் வயசுல மூத்த ஆளா நீங்க கூடப் போனாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

எண்ணிக்கையில பேராசை வேண்டாம். அரசு விதியில இருக்கிற கணக்கே, ஒரு டாக்டர், ரெண்டு நர்ஸ், ஆறுலேந்து எட்டு பெட் இருந்தா மூணு மணி நேரத்துல 50-70 பேர், அஞ்சு மணி நேரத்துல 100-120 பேர். 300 பேர்னு போஸ்டர்ல போட்டுட்டு பத்து மணிக்கே எல்லாரையும் வரச்சொன்னா வெயில்ல நின்னு கடுப்பாகி பாதிப் பேர் கிளம்பிடுவாங்க. 9 மணிக்கு இந்தத் தெரு, 10 மணிக்கு அந்தத் தெருன்னு பிரிச்சு வாட்ஸ்அப்ல போட ஒரு ஆள் போதும், அந்த ஆள் நீங்களா இருக்கலாம்.

அதே மெசேஜ்ல இதையும் போட்டுடுங்க: வயசு 18லேந்து 65, எடை 45 கிலோவுக்குக் குறையக்கூடாது, ஹீமோகுளோபின் 12.5 வேணும், போன தடவை குடுத்து ஆம்பளைங்கன்னா 90 நாள் பொம்பளைங்கன்னா 120 நாள் ஆகியிருக்கணும், பச்சை குத்தி ஒரு வருஷம் ஆகலன்னா இந்தத் தடவை வேண்டாம். முக்கியமா, சாப்பிட்டு வாங்க. ரத்தம் குடுக்க வெறும் வயித்தோட வரணும்னு நினைச்சுக்கிட்டு வர்ற ஆளுங்க இன்னமும் இருக்காங்க, அவங்க மயக்கம் போட்டு விழ வாய்ப்பு அதிகம். வாசல்லயே நாலு இட்லியும் ஒரு டம்ளர் தண்ணியும் வச்சுடுங்க, உள்ள குடுக்குற ஜூஸ் பிஸ்கட்டுக்கு ஸ்பான்சர் ஈஸியா கிடைச்சிடும், இந்த இட்லிக்குத் தான் யாரும் கிடைக்க மாட்டாங்க, அதை நீங்க எடுத்துக்குங்க.

ரிஜெக்ட் ஆகுறவங்களை யாருமே கண்டுக்குறதில்ல. ஒரு அக்கா வீட்டு வேலையெல்லாம் முடிச்சிட்டு ஆசையா வந்திருப்பாங்க, விரல்ல குத்திப் பாத்துட்டு ஹீமோகுளோபின் 10 தான் இருக்குன்னு திருப்பி அனுப்பிடுவாங்க, அவங்க முகம் சுருங்கிப் போயிடும். அந்த இடத்துல ஒரு ஆள் நிக்கணும். "அக்கா, இது இன்னைக்குத் தெரிஞ்சதே நல்லது, ஒரு டாக்டரைப் பாருங்க"னு சொல்லி உக்கார வச்சு அவங்களுக்கும் ஜூஸ் குடுங்க. ஏன் ரிஜெக்ட்னு நாலு பேர் முன்னாடி கேக்கவே கேக்காதீங்க. எடுத்த ரத்தத்துல எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியா எல்லாம் டெஸ்ட் பண்ணுவாங்க, அந்த ரிசல்ட் குடுத்தவருக்கும் ரத்த வங்கிக்கும் நடுவுல உள்ள விஷயம், மன்றத்துக்கு அதுல சம்பந்தமே இல்லன்னு பசங்களுக்கு முன்னாடியே சொல்லி வைங்க.

பேரு, குரூப், போன் நம்பர் எழுதுற நோட்டு ஒரே ஆள் கைல இருக்கட்டும், போட்டோ எடுத்து குரூப்ல போட விடாதீங்க. அந்த நோட்டு 90 நாள் கழிச்சு எடுத்துப் பாக்குறதுக்குத் தான். நடுராத்திரில ஓ நெகட்டிவ் வேணும்னு போன் வந்தா பேனர்ல இருக்கிற தலைவர் முகம் உதவாது, இந்த நோட்டு உதவும்.

காசு குடுக்குறதா இருந்தா கைல குடுக்காம நேரா டீக்கடைலயோ பந்தல்காரர்கிட்டயோ கட்டி பில்லை பசங்ககிட்ட குடுங்க, பின்னாடி கணக்குல சண்டை வராது. ரத்தம் குடுக்குறவங்களுக்கு மட்டும் காசு பேச்சே கூடாது, காசு வாங்கிட்டு ரத்தம் குடுக்குறது 1998லேயே தடை ஆயிடுச்சு.

மத்தியானம் செல்பி எல்லாம் முடிஞ்சு ஆளுங்க கலைஞ்சதும் மூணு பசங்க மட்டும் நிப்பாங்க, நீங்க நாலாவது ஆளா நில்லுங்க. ஊசி, பஞ்செல்லாம் ரத்த வங்கிக்காரங்களே எடுத்துட்டுப் போகணும், கீழ ஒண்ணும் கிடக்கலையேன்னு அவங்க வண்டி கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு சுத்து பாத்துடுங்க. அப்புறம் சேரை எண்ணுங்க. 100 எடுத்தா 97 தான் இருக்கும், மிச்சம் மூணு எதிர் டீக்கடை வாசல்ல கிடக்கும்.