எண்ணெயை நிறுத்தியும் ட்ரைகிளிசரைடு குறையவில்லையா? அறுபதைத் தாண்டியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லேப் ரிப்போர்ட்டில் ட்ரைகிளிசரைடு, அதாவது ரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பு, 150-ஐத் தாண்டிவிட்டால் பெரும்பாலான வீடுகளில் முதல் பழி எண்ணெய் மேல்தான் விழும். தாளிப்பு நின்றுவிடும். பொரியலுக்குப் பதில் வெறும் வேகவைத்த காய். முட்டையும் கிடையாது. மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தால் எண் அப்படியே நிற்கும்; சிலருக்கு ஏறியும் இருக்கும். “எண்ணெயே தொடறதில்லையே டாக்டர்” என்று அவர்கள் சொல்வதில் பொய் எதுவும் இல்லை.

எண்ணெய் போன இடத்தில் என்ன வந்து உட்கார்ந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். காலையில் டீயோடு ரெண்டு ரஸ்க். அப்புறம் நாலு இட்லி. தேங்காய்ச் சட்னி ஆகாது என்று சர்க்கரை தொட்டுக்கொள்பவர்களும் உண்டு. மதியம் ரசம் சாதம், மோர் சாதம். நாலு மணிக்கு மாரி பிஸ்கட். ராத்திரி கஞ்சி. கேட்டால் பத்தியச் சாப்பாடு என்பார்கள். ஆனால் செலவாகாத மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி, ஒரு பகுதியை ட்ரைகிளிசரைடாக ரத்தத்தில் விடுகிறது, மீதியைத் தன்னிடமே சேர்த்துக்கொள்கிறது. ஸ்கேனில் ‘ஃபேட்டி லிவர்’ என்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம். வயது ஏற ஏறத் தசை குறைவதால், சாப்பிட்ட சர்க்கரையை வாங்கி வைக்கும் இடமும் சுருங்குகிறது. நாற்பதில் ஒத்துக்கொண்ட அதே நாலு இட்லி எழுபதில் ஒத்துக்கொள்ளாமல் போவது அதனால்தான்.

இது ஏதோ சில வீடுகளின் கதை அல்ல. இந்தியர்களின் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று 2025-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் என்ற நாடு தழுவிய ஆய்வு சொல்கிறது. இன்னொன்று, அந்த ரஸ்க் பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மைதா, சர்க்கரைக்கு அடுத்து பெரும்பாலும் பாமாயில் இருக்கும். சமையலறையில் நிறுத்திய எண்ணெய் டீ நேரத்தில் உள்ளே வந்துவிடுகிறது.

சுத்தமாக எண்ணெயே இல்லாமல் சமைப்பதில் வேறு சிக்கலும் உண்டு. கீரை, கேரட்டில் இருந்து வைட்டமின் ஏ-க்கான சத்து உடம்பில் சேர உணவில் கொஞ்சமாவது கொழுப்பு வேண்டும். வைட்டமின் டி, ஈ, கே-க்கும் அப்படித்தான். வயதானால் நாக்கின் ருசியும் மங்கும். தாளிக்காத பருப்பும் பொரியலும் இறங்காமல், மோர் சாதத்தோடு எழுந்துவிடுவார்கள். எடை குறையும், வீட்டில் சந்தோஷப்படுவார்கள். குறைந்ததில் பாதி தசையாக இருந்தால் அது சந்தோஷப்பட வேண்டிய விஷயமே இல்லை.

சரி, எவ்வளவுதான் ஊற்றலாம்? ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி, 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு நாளுக்கு 27 கிராம் எண்ணெய், நெய் என்று கணக்குப் போடுகிறது. அறுபதைத் தாண்டி, குறைவாகச் சாப்பிடுபவருக்கு 20 கிராம் வைத்துக்கொள்ளலாம். நாலு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கூட. மாதத்துக்கு ஆளுக்கு 650 மில்லி. வடை சுட்டது, அப்பளம் பொரித்தது எல்லாம் இதற்குள்தான். இதய நோயாளிகளுக்கு மருத்துவர் இன்னும் இறுக்கிப் பிடிக்கலாம்.

இதற்கு நேர் எதிரான தவறு, மரச்செக்கு எண்ணெய் என்றால் அளவே வேண்டாம் என்று நினைப்பது. செக்கில் ஆட்டினாலும் ஆலையில் ஆட்டினாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். மணமும் ருசியும் கூடுதல், அதில் சந்தேகமில்லை. தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு 80 சதவீதத்துக்கு மேல், நெய்யில் 60-க்கு மேல். நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் 20-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ. எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவது பெரும்பாலும் இந்த நிறைவுற்ற கொழுப்புதான். எனவே வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் குடிக்கும் பழக்கத்துக்கு நான் ஆதரவில்லை. ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று பாட்டிலில் போட்டிருப்பதையும் பெரிதாக எடுக்க வேண்டாம்; எந்தத் தாவர எண்ணெயிலும் சொல்லும்படி கொலஸ்ட்ரால் கிடையாது.

வடை சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள். இது தெரிந்ததுதான்.

எனக்கு உண்மையில் பயம் தருவது வேறு. வாட்ஸ்அப்பில் வரும், மாவுச்சத்தை வெகுவாகக் குறைக்கும் பேலியோ, கீட்டோ பட்டியலை மகனோ மருமகனோ ஆர்வமாக எழுபது வயது அப்பாவுக்கு ஆரம்பித்து வைப்பது. அவர் இன்சுலினோ, சர்க்கரை நோய்க்கான கிளிமிபிரைடு மாத்திரையோ எடுத்துக்கொண்டிருந்தால், மருந்தளவை மாற்றாமல் சோற்றை மட்டும் நிறுத்தும்போது சர்க்கரை சட்டென்று தாழ்ந்து மயக்கம் வரலாம், விழலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை சர்க்கரை நோய் மாத்திரை என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு: ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறும், ஆனால் குளுக்கோமீட்டரில் சர்க்கரை அவ்வளவாக ஏறியிருக்காது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குவது, அடித்துப் போட்ட மாதிரி அசதி என்று வந்தால் சர்க்கரை சரியாகத்தானே இருக்கிறது என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன மாத்திரை, என்ன டயட் என்பதையும் சொல்ல வேண்டும்.

உணவைச் சரிசெய்துவிட்டோம் என்று, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் நடக்கிறது. ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி உடம்பே தயாரிப்பது. மாத்திரை வேலை செய்வதும் கல்லீரலில்தான்; உணவை மாற்றியது மட்டும் அதற்கு ஈடாகாது.

நடைமுறையில் நான் சொல்வது இவ்வளவுதான்: நாலு இட்லியை ரெண்டாக்கி, கூடவே ஒரு முட்டை அல்லது ஒரு கிண்ணம் சாம்பார்ப் பருப்பு. பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல். பல் இல்லாதவர்களுக்கு வேர்க்கடலையைச் சட்னியாக அரைக்கலாம். மத்தி, அயிலை சாப்பிடுபவர்கள் வறுவலைவிடக் குழம்பாக வைக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டும்முன் மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ட்ரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினால், அதுவும் 1,000-ஐ நெருங்கினால், கணைய அழற்சி வரும் ஆபத்து இருக்கிறது. அவர்களுக்கு மட்டும் மது, சர்க்கரையோடு எந்த எண்ணெயாக இருந்தாலும் அதையும் மருத்துவர் கடுமையாகக் குறைக்கச் சொல்வார். அங்கே மேலே சொன்ன நாலு டீஸ்பூன் கணக்கு செல்லாது.