பனங்காடையை நீர்வண்ணத்தில் வரைவது எப்படி?

ராமநாதபுரம் மாவட்டத்தில், உச்சிப்புளியிலிருந்து மண்டபம் போகும் சாலையோர மின்கம்பியில், கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு மண்ணிறப் பறவை ஒன்று உட்கார்ந்திருக்கும். யாரும் நின்று பார்ப்பதில்லை. தரையில் ஒரு வெட்டுக்கிளி அசைந்ததும் அது சிறகை விரித்துக் கீழே பாயும். அந்த ஒரு நொடியில் ஊதாவும் வான்நீலமும் பட்டை பட்டையாகத் தெரிந்து மறையும். அதுதான் பனங்காடை. மொட்டைப் பனையின் பொந்தில் முட்டையிட்டு, பனைகளுக்கு நடுவிலேயே வாழ்வதால் அந்தப் பெயர். எங்கள் கரையோரத்தில் வரையக் கற்றுக்கொள்பவர் முதலில் எடுக்க வேண்டிய பறவை இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

எனக்கு ஏழாவது தாளில்தான் இது கைகூடியது. முந்தைய ஆறும் ஒரே இடத்தில், நீலத்தில், கெட்டுப்போயின. அந்த இடத்தை விரிவாக எழுதுகிறேன். பென்சில் பிடிப்பது, வண்ணத்தில் நீர் கலப்பது போன்றவை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

என்னென்ன வேண்டும்

தாளில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள முழுப் பருத்தித் தாள், அதிலும் வழவழப்பான ஹாட் பிரஸ் வகை. சொரசொரப்பான தாளில் இறகின் மெல்லிய கோடு உடைந்து உடைந்து விழும். தூரிகை மூன்று போதும்: எட்டாம் எண், நான்காம் எண், கூர்மையான ஒன்றாம் எண். பன்னிரண்டு தூரிகைகள் கொண்ட கட்டு வாங்குவதைவிட, நுனி பிரியாத ஒரே ஒரு நல்ல ஒன்றாம் எண் வாங்குவது மேல்.

வண்ணம் ஆறு டியூப்: தாலோ நீலம், அல்ட்ராமரைன் (ஊதா சாய்ந்த நீலம்), விரிடியன் (பச்சை), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), யெல்லோ ஓக்கர் (மண்மஞ்சள்), பெர்மனென்ட் ரோஸ். வெள்ளையும் கறுப்பும் வேண்டாம். அல்ட்ராமரைனையும் பர்ன்ட் சியன்னாவையும் கெட்டியாகக் கலந்தால் கடையில் வாங்கும் கறுப்பைவிட உயிருள்ள கருமை கிடைக்கும்.

முதலில் பறவையைப் பாருங்கள்

பனங்காடை ஒரே இடத்தில் வெகுநேரம் உட்காரும். இரையைப் பிடித்த பிறகும் பெரும்பாலும் பழைய இடத்துக்கே திரும்பும். அதனால் நேரில் பார்த்து வரைய இதைப் போல ஒத்துழைக்கும் பறவை குறைவு. காலை ஏழு மணிக்கு வெயில் உங்கள் முதுகில் படும்படி நின்றுகொள்ளுங்கள். மார்ச் முதல் ஜூலை வரை குஞ்சு பொரிக்கும் காலம். அப்போது பொந்துள்ள பனையின் அருகில் போகவே போகாதீர்கள். படத்துக்காக ஒரு கூட்டைக் கலைப்பது மன்னிக்க முடியாத செயல்.

பார்க்கும்போது ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: உட்கார்ந்திருக்கும் பறவையில் நீலம் எங்கெங்கே, எவ்வளவு தெரிகிறது? உச்சந்தலை பச்சை கலந்த நீலம். அடிவயிறு வெளிர்நீலம். மடித்த சிறகின் ஓரத்தில் ஒரு கீற்று. மற்றபடி முதுகும் மார்பும் பழுப்புதான். என் முதல் தாளில் பறக்கும்போது கண்ட நீலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு உடல் முழுவதும் நீலத்தைத் தீட்டிவிட்டேன். பனங்காடை வரவில்லை, மீன்கொத்தி மாதிரி ஏதோ ஒன்று வந்தது.

கோட்டுருவம்

பறவையின் நீளம் 30 முதல் 34 செ.மீ. இயல்பளவில் வரைய ஏ3 தாள் வேண்டும். தொடக்கத்தில் ஏ4 போதும். தலை உடலுக்குச் சற்றுப் பெரியது, கழுத்து தடிமன். தலையைச் சிறிதாக்கினால் புறாவாகிவிடும். அலகு கறுத்து, நுனி லேசாக வளைந்திருக்கும். அலகு தொடங்கும் இடத்தில் மீசை போன்ற விறைப்பான மயிர்கள் உண்டு. அவற்றைக் கடைசியில் ஒற்றைக் கோடுகளாகப் போட்டுக்கொள்ளலாம்.

கண்

கண்ணை முதலில் முடிப்பது என் வழக்கம். அது சரியாக அமையாவிட்டால் மேலே உழைப்பதில் பயனில்லை. கண்ணைச் சுற்றியுள்ள இறகில்லாத தோலுக்கு யெல்லோ ஓக்கர். பாவையில் ஒளிப்புள்ளிக்குக் கடுகளவு தாளை வெறுமையாக விடுங்கள்.

பழுப்பு

பர்ன்ட் சியன்னாவில் துளி ரோஸ், துளி அல்ட்ராமரைன் சேர்த்தால் மார்பின் நிறம் வரும். தொண்டையில் இறகின் நடுத்தண்டு ஒவ்வொன்றும் வெண்கோடாகத் தெரியும். அந்தக் கோடுகளை வெள்ளையால் போடக் கூடாது. முதல் பூச்சை மிக வெளிறலாகப் போட்டுக் காயவிட்டு, பிறகு கோடுகளுக்கு *இடையிலுள்ள* பகுதியை மட்டும் அடர்த்தியாக்குங்கள். ஒரு மணி நேர வேலை. அவசரப்பட வேண்டாம்.

நீலம்

பனங்காடையின் இறகில் நீல நிறமி கிடையாது. இறகின் உள்ளே இருக்கும் மிக நுண்ணிய பஞ்சு போன்ற அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால்தான் நமக்கு நீலம் தெரிகிறது. அதனால்தான் அது உள்ளிருந்து ஒளிர்வது போல இருக்கிறது. தாளில் அந்த ஒளியைத் தரக்கூடியது ஒன்றே ஒன்று: வண்ணத்துக்கு அடியிலிருக்கும் தாளின் வெண்மை. வண்ணம் தடித்தால் வெண்மை அடைபடும், நீலம் செத்துவிடும்.

நான் செய்த தவறு வரிசையில் இருந்தது. சிறகின் ஆழ்ந்த ஊதாநீலப் பட்டையை முதலில் அல்ட்ராமரைனால் போட்டேன். காய்ந்த பிறகு பக்கத்தில் வெளிர்நீலத்தைத் தீட்டி, இரண்டும் சேருமிடத்தை இழைத்தேன். அல்ட்ராமரைன் காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் எழுந்து வரும் வண்ணம். அது எழுந்து வெளிர்நீலத்தில் பரவி, பட்டையின் விளிம்பு மங்கிச் சேற்று நிறமாயிற்று. சரிசெய்ய மேலும் பூசினேன், மேலும் கெட்டது. ஆறு தாள்களிலும் இதே கதை.

தாலோ நீலம் நேர்மாறானது. தாளின் இழையில் ஊறிப் பிடித்துக்கொள்ளும், எளிதில் கரையாது. ஆகவே முதலில் தாலோ நீலத்தில் சிறிது விரிடியன் சேர்த்து, நிறைய நீர்விட்டு, நீலம் தெரியும் பகுதி முழுவதும் ஒரே வீச்சில் வெளிறலாகப் பூசுங்கள். முற்றிலும் காயட்டும். அதன் மேல், ஊதாநீலம் வரும் பட்டைகளில் மட்டும் துளி ரோஸ் கலந்த அல்ட்ராமரைனை வையுங்கள். தூரிகை தாளை ஒருமுறை தொட்டு எழ வேண்டும், இரண்டாம் முறை அதே இடத்துக்குப் போகவே கூடாது.

“முற்றிலும் காயட்டும்” என்பதை இந்தக் கடற்கரையில் இருப்பவர்கள் கூடுதல் கவனத்துடன் எடுத்துக்கொள்ள வேண்டும். காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் தாள் காய்ந்தது போலத் தோன்றும், உள்ளே ஈரமாகவே இருக்கும். புறங்கையைத் தாளில் மெல்ல வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் காயவில்லை. அந்த நிலையில் வண்ணம் வைத்தால் காலிபிளவர் பூப்போல ஓரம் விரிந்து கறை விழும்.

இறகுக் கோடுகள், பின்னணி

எல்லா இறகையும் வரையாதீர்கள். கன்னத்திலும் சிறகு மடிப்பிலும் மட்டும் நுணுக்கம் காட்டினால் போதும், மற்றதைப் பார்ப்பவர் கண் நிரப்பிக்கொள்ளும். வால் வான்நீலம், நுனிப்பட்டை கருநீலம், நடு இறகுகள் இரண்டும் மங்கிய பச்சை. பின்னணிக்கு ஒரு காய்ந்த பனைமட்டையின் கருக்கு. பல்பல்லான அந்த ஓரத்தின் முரட்டுப் பழுப்பு பக்கத்தில் இருந்தால், எதுவும் சேர்க்காமலே நீலம் ஒரு படி எழும். கடலை வரைய ஆசை வரும். நீலத்துக்குப் பின்னால் இன்னொரு நீலம் வேண்டாம்.

பின்னர் சேர்த்தது

இதைப் படித்து வரைந்த ஒருவர், நீலம் காய்ந்ததும் மேலே சாம்பல் படிவது போல இருப்பதாகக் கேட்டிருந்தார். எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. எந்தத் தண்ணீர் என்று கேட்ட பிறகுதான் விளங்கியது: வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீர். நம் பக்கத்து உப்பு நீர் காயும்போது உப்பு தாளிலேயே தங்கிவிடும். குடிப்பதற்கு வாங்கும் தண்ணீரிலோ பிடித்து வைத்த மழைநீரிலோ வரையுங்கள். மாற்றிப் பார்த்ததும் அவருக்குத் தெளிந்துவிட்டது.

இன்னொருவர் இணையத்தில் எடுத்த படத்தைப் பார்த்து வரைந்து, நம் ஊர்ப் பறவையின் பிடரியில் உள்ள செம்பழுப்பு வளையம் அதில் இல்லையே என்றார். அது வட இந்தியப் பறவையின் படம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள வகைக்குத்தான் அந்த வளையம் உண்டு. தாய்லாந்துப் படங்களிலும் ஏமாற வேண்டாம்; அங்குள்ளது முகத்திலும் மார்பிலும் வெண்கோடு இல்லாத வேறு பறவை. முடிந்தால் உங்கள் ஊர்க் கம்பியில் உட்கார்ந்திருப்பதையே பார்த்து வரையுங்கள்.

சட்டம் போடும்போது கண்ணாடி தாளில் படாதபடி நடுவில் அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். ஒட்டினாற்போல் போட்டால் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.