நீர்த்த கழிவுநீருக்கு ஒரு பேட்ச் ரியாக்டர்: காற்றில்லா முறையில் முதல் முயற்சி

சிஓடி (நீரிலுள்ள கழிவை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன்; கழிவின் அளவுகோல்) லிட்டருக்கு 1,000 மில்லிகிராமுக்கும் குறைவாக உள்ள கழிவுநீரில் காற்றில்லா பாக்டீரியாவுக்குத் தீனி குறைவு. மெதுவாகத்தான் பெருகும். வடிக்கும் நீரோடு அவை வெளியேறினால் ஈடுகட்ட முடியாது. ஆகவே இங்கே வேலையெல்லாம் அந்த பாக்டீரியா திரண்ட கசடைக் காப்பாற்றுவதுதான். நிரப்பி, வினைபுரிய விட்டு, படியவைத்து, வடிப்பது என எல்லாமே ஒரே கலனில் நடக்கும் பேட்ச் ரியாக்டர் இதற்குத் தோதானது. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் டேக் குழுவினர் 1990களில் வளர்த்தெடுத்த முறை இது.

கலன்

5 லிட்டர் நீர் கொண்டு, மேலே கொஞ்சம் வெற்றிடமும் விடும் பாட்டில் போதும். ரப்பர் மூடியில் இரண்டு குழாய்கள்: ஒன்று வாயுப் பைக்கு, மற்றொன்று நீருக்கு. நீர்க்குழாயின் முனை 3 லிட்டர் மட்டத்தில் நிற்கட்டும். படிந்த கசடு அதற்குக் கீழேயே இருக்க வேண்டும்.

வாயுப் பையில் முதலிலேயே 2 லிட்டருக்குமேல் நைட்ரஜன் நிரப்புங்கள். பலரும் கோட்டைவிடும் இடம் இது. வடிக்கும்போது கலனுக்குள் உறிஞ்சல் உண்டாகும். பை காலியாக இருந்தால் வெளிக்காற்றுதான் உள்ளே போகும்.

விதைக் கசடு

இயங்கும் சாண எரிவாயுக் கலனிலோ கழிவுநீர் நிலையத்தின் செரிப்பானிலோ எடுத்த கசடைச் சல்லடையில் வடிகட்டி, கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றுங்கள். கையுறை கட்டாயம். பிறகு நைட்ரஜன் செலுத்திக் காற்றை விரட்டுங்கள்.

தீனி

பழகுவதற்குச் செயற்கைக் கழிவுநீரே நல்லது. லிட்டருக்கு அரை கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கரைத்தால் சிஓடி ஏறத்தாழ 500 வரும். அதே அளவு சமையல் சோடா சேருங்கள், பிஎச் 6.8 முதல் 7.4 வரை நிற்க வேண்டும். வெப்பநிலை 30–35 டிகிரி.

சுழற்சி

தொடக்கத்தில் நாளுக்கு ஒரு சுழற்சி: 2 லிட்டர் ஊற்றுங்கள், மணிக்கு ஓரிரு நிமிடம் மட்டும் மெல்லக் கலக்குங்கள் (விடாமல் கலக்கினால் கசடுத் திரள் உடையும்), கடைசி ஒரு மணி நேரம் அசையாமல் படியவிட்டு 2 லிட்டர் வடியுங்கள். சுழற்சி முடியும் தறுவாயில் தீனி தீர்ந்திருக்கும், குமிழி குறைந்திருக்கும். கசடு தானாகவே நன்றாகப் படியும்.

சிஓடி நீக்கம் 80 விழுக்காட்டில் நிலைத்தபின் 12 மணிச் சுழற்சிக்கு மாறலாம். அப்போது நாளுக்கு 4 லிட்டர். நீர் உள்ளே தங்குவது 30 மணி நேரம். கசடோ வேறு கணக்கு. கலனில் 50 கிராம் கசடு இருந்து, வடிநீரில் லிட்டருக்கு 0.1 கிராம் போனால் அது தங்குவது 125 நாள். வடிநீர் கலங்கி 1 கிராம் போனால் பன்னிரண்டரை நாள்தான். மீத்தேன் ஆக்கிகளுக்கு இது ஆபத்தான எல்லை. கலங்கலாக வந்தால் படியும் நேரத்தைக் கூட்டுங்கள், அல்லது வடிக்கும் அளவைக் குறையுங்கள்.

வாயு குறைகிறதா?

நீக்கிய ஒரு கிராம் சிஓடிக்கு 0.35 லிட்டர் மீத்தேன் என்பது ஏட்டுக் கணக்கு. நீர்த்த கழிவுநீரில் பை அவ்வளவு உப்பாது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 20 மில்லிகிராம் மீத்தேன் வரை கரைத்துக்கொள்ளும். சிஓடி கணக்கில் அது 80 மில்லிகிராம். பையை மட்டும் நம்பாமல் சிஓடியையும் பிஎச்சையும் அளந்து பாருங்கள். பிஎச் 6.5க்குக் கீழே இறங்கினால் தீனியை நிறுத்தி, சோடா சேர்த்துக் காத்திருங்கள்.

காற்றில் 5 முதல் 15 விழுக்காடு மீத்தேன் கலந்தால் வெடிக்கும். பையைத் திறந்த வெளியில் காலி செய்யுங்கள், அருகில் நெருப்பு கூடாது.