வேர்டு, பிடிஎஃப் கோப்புகளைத் திறக்காமலே சோதிப்பது எப்படி?

வேர்டு கோப்பில் வெறும் எழுத்துதானே இருக்கும் என்று நினைக்காதீர்கள். உள்ளே நிரலும் இருக்கலாம். 1999-இல் பரவிய மெலிசா வைரஸ் ஒரு வேர்டு மேக்ரோதான், அதாவது கோப்புக்குள்ளேயே வைக்கும் நிரல். திறந்த உடனே, அவுட்லுக் முகவரிப் பட்டியலில் முதல் 50 பேருக்குத் தன்னை அனுப்பிவிடும். சந்தேகமான கோப்பு வந்தால் இப்படிப் பாருங்கள்.

படி 1: விண்டோஸில் கோப்பின் பின்னொட்டு (பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பிறகு வரும் எழுத்துகள்) தெரியும்படி வையுங்கள். டாக்எம், எக்ஸ்எல்எஸ்எம் என்றிருந்தால் அது மேக்ரோ வைப்பதற்கென்றே உள்ள வகை. பழைய டாக், எக்ஸ்எல்எஸ் என்றால் பெயரை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

படி 2: டாக்எக்ஸ், டாக்எம் இரண்டுமே உள்ளுக்குள் ஜிப் கோப்புகள். ஒரு நகல் எடுத்து, பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறங்கள். 'வேர்டு' ஃபோல்டரில் 'விபிஏப்ராஜெக்ட்' என்ற பெயரில் கோப்பு இருந்தால் மேக்ரோ இருக்கிறது. இல்லையா? உடனே நிம்மதி அடைய வேண்டாம். அங்கேயே 'ரெல்ஸ்' என்றொரு ஃபோல்டர் இருக்கும். அதிலுள்ள கோப்புகளை நோட்பேடில் திறந்து, 'எக்ஸ்டர்னல்' என்ற சொல்லைத் தேடுங்கள். சாதாரண இணைப்புகளுக்கும் அது வரும், பரவாயில்லை. ஆனால் டெம்ப்ளேட்டோ (ஆவணத்தின் மாதிரி வடிவம்) ஓஎல்இ ஆப்ஜெக்டோ (உள்ளே செருகிய வேறொரு கோப்பு) ஏதோ ஓர் இணைய முகவரியைக் காட்டினால் அந்தக் கோப்பைத் தொடாதீர்கள். 2022-இல் தெரியவந்த ஃபோலினா என்ற விண்டோஸ் பாதுகாப்பு ஓட்டையை இப்படித்தான் பயன்படுத்தினார்கள். அதற்கு மேக்ரோவே தேவைப்படவில்லை.

படி 3: பிடிஎஃப் என்றால் அப்படியே நோட்பேடில் திறந்து 'ஜாவாஸ்கிரிப்ட்', 'லான்ச்', 'ஓப்பன்ஆக்‌ஷன்' என்று தேடுங்கள். கடைசிச் சொல் தனியாக இருந்தால் பயமில்லை. எந்தப் பக்கத்தில் திறக்க வேண்டும் என்பதைக்கூட அதை வைத்துத்தான் குறிப்பார்கள். மற்ற இரண்டில் ஒன்றோடு சேர்ந்து வந்தால் உஷார். சுருக்கி வைத்த பகுதிகளில் இவை கண்ணில் படாமலும் போகும் என்பதால், அடோபி ரீடரின் ப்ரெஃபரன்சஸில் ஜாவாஸ்கிரிப்ட்டை அணைத்தே வைப்பது நல்லது.

படி 4: இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மேக்ரோவை ஆஃபீஸ் 2022 முதல் தானாகவே தடுக்கிறது. அதனால் இப்போது, "ப்ராப்பர்ட்டீஸில் அன்பிளாக் டிக் செய்யுங்கள்" என்று சொல்லி, அந்தத் தடையை நீக்கும் வேலையை மோசடிக்காரர்கள் நம்மிடமே வாங்கப் பார்க்கிறார்கள். அப்படிக் கேட்டாலே அது மோசடி என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். தெரிந்தவர் பெயரில் வந்திருந்தால் ஃபோன் போட்டுக் கேளுங்கள். அதே மின்னஞ்சலுக்குப் பதில் எழுதிக் கேட்காதீர்கள். அவர் கணக்கு பறிபோயிருந்தால், "ஆமாம், நான்தான் அனுப்பினேன்" என்று பதில் வருவதும் திருடனிடமிருந்துதான்.