குளிர் ஊர் நாய்க்கு வெயில் அடிக்காதா?

"நம்ம ஊர்ல நாய்க்கு என்னங்க வெயில் பயம்?" குன்னூரில் நாய் வளர்ப்பவர் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நானும் சொன்னவன்தான், இரண்டு வருஷத்துக்கு முந்தைய மே மாதம் வரை.

அன்று மார்க்கெட் பக்கம் ஒரு கற்பூர மரத்து நிழலில் காரை நிறுத்தினேன். கண்ணாடியை நாலு விரல் இறக்கிவிட்டு, என் நாய் செவலையை உள்ளேயே விட்டுப் போனேன். வெளியே ஸ்வெட்டர் போட்டாலும் உறுத்தாத காற்று. காய்கறி வாங்கித் திரும்ப அரை மணி ஆகிவிட்டது. அதற்குள் நிழல் பக்கத்து ஜீப்புக்கு நகர்ந்திருந்தது. செவலை சீட்டுக்கு அடியில் கிடந்தான். நாக்கு செங்கல் நிறம், எச்சில் நூல் நூலாக. கூப்பிட்டால் காது மட்டும் அசைந்தது.

வெளியே 24 டிகிரி செல்சியஸ் என்றால், வெயிலில் நிற்கும் கார் பத்து நிமிஷத்தில் 34ஐத் தொடும், அரை மணியில் 43. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குவதால் பெரிய வித்தியாசம் இல்லை. நமக்கு வியர்ப்பது போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். பக், ஷிட்சு மாதிரி சப்பை மூக்கு ஜாதிகளுக்கு அந்த மூச்சிரைப்பும் சரியாக வராது. சீசனுக்கு நாயோடு வருகிறவர்கள், மேட்டுப்பாளையத்துச் சூட்டிலும் அதற்கு மேலே 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி ஊரும்போது இதை நினைத்துக்கொள்ளட்டும்.

இப்படி ஆகிவிட்டால் நிழலுக்குத் தூக்கிப் போய், உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நான் செய்த அடுத்த தப்பு, ஈரத் துண்டைப் போர்த்திவிட்டது. துண்டு சீக்கிரமே சூடாகி, உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாது. நாயின் சாதாரண வெப்பமே 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட் இருக்கும். 104ஐத் தாண்டினால் ஆபத்து. எழுந்து வாலாட்டினாலும் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டத்தான் வேண்டும். உள்ளுறுப்புகளில் பட்ட அடி மறுநாள்கூட வெளிப்படும்.

வெயிலுக்கென்று ஹஸ்கிக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் மொட்டை அடிக்கிறார்கள். வேண்டாம். அந்த முடிதான் சூட்டையும் தடுக்கிறது. 2,240 மீட்டர் உயரத்து ஊட்டி வெயிலில் புற ஊதாக் கதிர் கீழே இருப்பதைவிட அதிகம். மழித்த தோல் வெந்துபோகும். சீப்பால் வாரி உதிர்முடியை எடுத்தாலே போதும்.

அடுத்தது உண்ணி. கோடை மழை இரண்டு பெய்ததும் பெருகிவிடும். காதின் உள்மடிப்பு, விரலிடுக்கு, பெல்ட்டுக்கு அடியில் தடவிப் பாருங்கள். கொள்ளுப் போல வழவழவென்று தட்டுப்படும். நம்மூரில் இதற்கு உடனே யூகலிப்டஸ் தைலத்தைத் தேய்ப்பார்கள். தைலம் காய்ச்சுகிற ஊராயிற்றே, எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து! நாய் அதை நக்கினால் வாந்தி, தள்ளாட்டம் வரும். பூனைக்கு இன்னும் மோசம், நாளெல்லாம் தன்னை நக்கிக்கொண்டே இருக்கிற பிராணி அது. நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடுவதும் அப்படித்தான். அதில் பெர்மெத்ரின் என்கிற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனை உயிருக்கே ஆபத்து. தீக்குச்சியும் வேண்டாம், மண்ணெண்ணெயும் வேண்டாம். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக மெல்ல இழுங்கள். பிறகு நாய் சாப்பிடாமல் சுருண்டால், ஈறு வெளுத்தால், சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் உண்ணிக் காய்ச்சல் என்று சந்தேகப்பட்டு அன்றே டாக்டரிடம் போங்கள்.

ஓடைத் தண்ணீர் குடித்த நாய் தும்மித் தும்மி ஒரு மூக்கில் மட்டும் ரத்தம் விட்டால், உள்ளே அட்டை இருக்கலாம். கையை விட்டு நோண்டாதீர்கள்.

விருந்தாளி வாங்கி வருகிற ஹோம்மேட் சாக்லேட் இன்னொரு வில்லங்கம். வர்க்கி ஒன்று தின்றால் குடி முழுகாது, சாக்லேட் அப்படியில்லை. அதிலுள்ள தியோபுரோமினை நாயின் உடம்பால் சீக்கிரம் கழிக்க முடியாது. டார்க் சாக்லேட் என்றால் விஷம் இன்னும் அதிகம். உலர் திராட்சை போட்டதென்றால் சிறுநீரகத்துக்கும் சேர்த்து வினை.

வெறிநாய்க்கடி ஊசியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். வெறிநாய்க்கடி சிகிச்சைக்கென்று தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் இருக்கிற குன்னூரிலேயே, வருஷாந்தர ஊசியை மறப்பவர்கள் இருக்கிறார்கள்.

ராத்திரி புழுக்கம் என்று வராந்தாவில் செயின் போட்டுக் கட்டுகிறோம் அல்லவா, சிறுத்தைக்கு அது பரிமாறி வைத்த இலை. கட்டிய நாயால் ஓடவும் முடியாது. இருட்டுமுன் உள்ளே விடுங்கள்.

பகலிலும் தோட்டத்துக்குள் அவிழ்த்துவிடாதீர்கள். போன ஏப்ரலில் செவலை டீச்செடிகளுக்கு நடுவே மேய்ந்த காட்டெருமையைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே ஓடினான். அது தலையைத் தாழ்த்தியதுதான் தாமதம், வந்த வேகத்தில் திரும்பி நேராக என் கால்களுக்கிடையில் புகுந்துகொண்டான். பின்னாலேயே காட்டெருமையும். நான் ஏறிய சில்வர் ஓக் மரத்தில் நாய்க்கு இடமில்லை. எப்படியோ பங்களா பக்கம் ஓடிப் பிழைத்தான்.